கடித்து வைத்த ரொட்டி

மாமியார் அன்பாகப் பேசியதுதான் முதலில் உறுத்தியது.

மாஸ்கோ விமான நிலையத்தில், சொந்த ஊர்ப் பக்கமான நமன்கானுக்குப் போகும் கடைசி விமானத்துக்கு வரிசை நகரத் தொடங்கியபோது நிகோரா வீட்டுக்குப் போன் போட்டாள். கணவன் ரவ்ஷன் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள், அப்போதும் எடுக்கவில்லை. அதற்கடுத்த முறை மாமியார் இனோயத் எடுத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அந்த மாமியார் மருமகளிடம் போனில் பேசியதெல்லாம் பசுவுக்குத் தீவனம் தீர்ந்துவிட்டது, உன் மகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, பொம்பளைக்கு எதற்கு இந்த ஊர் சுற்றுகிற உத்தியோகம் என்பவைதான். அன்றைக்கு அவள் கேட்டது வேறு.

"சாப்பிட்டியா கண்ணு?"

நிகோரா போனைக் காதிலிருந்து எடுத்து, சரியான எண்ணுக்குத்தான் போட்டிருக்கிறோமா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"சாப்பிட்டேன் அத்தை. அவர் எங்க?"

"இங்கதான்… வெளியே இருக்கான். நீ பத்திரமா வந்து சேரு. அங்க குளிருதா? கழுத்துல துணி சுத்திக்கிட்டியா?"

"சும்புல்கிட்ட குடுங்க."

போனுக்குள் ஒரு பாத்திரம் வைக்கப்படும் சத்தமும், யாரோ செருப்பில்லாமல் நடக்கும் சத்தமும், நிறையப் பேர் இருந்தும் யாரும் பேசாத ஒரு வீட்டின் அமைதியும் கேட்டன.

"தூங்கிட்டாம்மா," என்றாள் மாமியார். "தூங்கிட்டா."

நியாயம்தான். ஊரில் மாஸ்கோவைவிட நேரம் முந்திப் போய்க்கொண்டிருக்கும்; ஆறு வயதுக் குழந்தை இந்நேரம் விழித்திருந்தால்தான் ஆச்சரியம். நிகோரா வரிசையோடு நகர்ந்தாள். வந்த காரியம் நன்றாகவே முடிந்திருந்தது. அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் உலர்ந்த ஆப்ரிகாட் பழங்களைக் கண்காட்சியில் தின்று பார்த்த இரண்டு பெரிய கடைக்காரர்கள் வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தார்கள். தோள்பையில் மிஞ்சிய பழப் பொட்டலங்களும் சும்புலுக்கு வாங்கிய ஷூவும் இருந்தன. குதிகாலை ஊன்றினால் சிவப்பு விளக்கு எரிகிற ஷூ. "அது இல்லாம வந்தீங்க, வீட்டுக்குள்ளயே விடமாட்டேன்" என்று மகள் மிரட்டி அனுப்பியிருந்தாள். வரிசையில் கூட்டம் நெருக்கியபோதெல்லாம் பைக்குள் அந்த விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது.

சிரித்துக்கொண்டே வீடு திரும்ப வேண்டிய பெண்தான். ஆனால் அந்த 'கண்ணு' செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி கூடவே வந்தது.

விமானம் முழுக்க ஊர்க்காரர்கள். கட்டட வேலைக்கும் சந்தை மூட்டை தூக்கவும் போய்த் திரும்புகிற ஆண்கள். சிமெண்டும் பழைய வியர்வையும், வீட்டுக்குப் போகிறோம் என்று அவசரமாகப் பூசிய அத்தரும் கலந்த நெடி. நிகோராவுக்குக் கடைசி வரிசையில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் நரை விழுந்த மீசையோடு ஒருவர், பெல்ட்டின் இரண்டு முனைகளையும் கையில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இதைக் கொஞ்சம் மாட்டி விடேன். கை நடுங்குது."

"முதல் தடவையாப் பறக்குறீங்களா அண்ணே?"

"வருஷா வருஷம் பறக்குறவன்தான். துரோப்னு பேரு. செங்கல் வேலை." பெல்ட் மாட்டியதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். மடியில் வெள்ளைப் பூ வேலை செய்த கறுப்புத் தொப்பி ஒன்று மடித்துக் கிடந்தது. "அப்பாவுக்குச் சளியாம்."

"சரியாயிடும்."

அவர் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "காலைல தம்பி பேசினான். அப்புறம் சித்தப்பா. அப்புறம் என் மச்சான். அவன் எங்கூடப் பேச்சை விட்டு எத்தனையோ வருஷமாச்சு தங்கச்சி, ஒரு ஆட்டுக்குட்டி தகராறுல. இன்னிக்கு அவனே டிக்கெட் எடுத்து அனுப்பறான். சளிக்கு மச்சான் டிக்கெட் எடுப்பானா?" தொப்பியைத் தடவினார். "பரவாயில்லை. நான் இறங்குற வரைக்கும் எங்கப்பாவுக்குச் சளிதான். அதுவரைக்கும் வச்சுக்கிறேனே, என்ன கெட்டுப்போச்சு?"

எங்கள் பக்கத்தில் சாவைப் போனில் சொல்வதில்லை. தூரதேசத்தில் தனியாக நிற்கிறவரின் தலையில் அதைப் போடுவது பாவம் என்பார்கள். சளி என்பார்கள், தலைசுற்றல் என்பார்கள், உன்னைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்பார்கள். வாசலில் வந்து இறங்கிய பிறகு, வயதில் மூத்த ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு சொல்வார். இது பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் சொல்கிறவர்கள் சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் நம்புகிறார்கள், வேறு என்ன செய்ய.

நிகோரா அவர் மடியிலிருந்த தொப்பியையே பார்த்தாள்.

சாப்பிட்டியா கண்ணு. கழுத்துல துணி சுத்திக்கிட்டியா.

யார்? அவளைப் பெற்றவர்கள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மாமனாரும்தான். மாமியார் பேசினாள், ஆகவே அவள் இல்லை. கொழுந்தன் இல்ஹோம் எருது மாதிரி இருப்பவன். ரவ்ஷன்… ரவ்ஷன் போனை எடுக்கவில்லை. 'இங்கதான்' என்று சொல்லிவிட்டு மாமியார் ஏன் நிறுத்தினாள்? அவனுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு, மாத்திரை போட மறப்பான். கிளம்புவதற்கு முந்தின நாள்கூட அதற்காக அவனிடம் எரிந்து விழுந்தாள். விமானம் மேலே ஏறும்போது, கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பக்கத்து மனிதருக்குத் தெரியாமல் நிகோரா தன் கணவனுக்காக அழுதாள்.

அழுது முடித்ததும் அடுத்த கவலை வந்தது. இதை சும்புலிடம் எப்படிச் சொல்வது? அப்பா செல்லம். அவன் மீசையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள். நாளைக்கு ஒரு நாள் சொல்ல வேண்டாம், அப்பாவுக்குச் சளி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தாள். முதலில் அந்த ஷூவைக் கொடுக்க வேண்டும். விளக்கெரிகிற ஷூவோடு அவள் முற்றத்தில் ஓடட்டும்.

சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனபின் விளக்கை அணைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இறக்கையின் நுனி விளக்கைத் தவிர ஒன்றுமில்லை. எஞ்சினின் ஒரே சீரான முழக்கமும், வரிசை வரிசையாகக் களைத்த ஆண்களின் குறட்டையும், எங்கோ ஒரு போனிலிருந்து கசியும் பாட்டும் சேர்ந்து ஒரு போர்வையாகக் கவிந்த அந்த இருட்டில், கண்ணை மூடிய நிகோராவின் மூக்கில் தந்தூர் ரொட்டியின் மணம் வந்து நின்றது. கருஞ்சீரகம் தூவிச் சுட்ட ரொட்டி. சூடான ரொட்டி அல்ல, பல நாள் காற்றில் தொங்கிக் காய்ந்ததன் மணம்.

அதோடு அந்தக் காலை நினைவுக்கு வந்தது.

பயணம் கிளம்புகிறவர் வாசல்படியில் ஒரு ரொட்டியைக் கடித்துவிட்டுப் போக வேண்டும். கடித்த ரொட்டியைத் துணியில் சுற்றிச் சுவரில் மாட்டி வைப்பார்கள்; திரும்பி வந்து மீதியை அவர்தான் தின்ன வேண்டும். அந்தக் கடி அவரை எங்கிருந்தாலும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. பட்டாளத்துக்குப் போகிறவனும் கடிக்கிறான், அடுத்த ஜில்லாவுக்குப் பரீட்சை எழுதப் போகிறவனும் கடிக்கிறான். அன்றைக்கு டாக்சி வாசலில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. மாமியார் ரொட்டியை நீட்டினாள். நிகோரா அப்போதுதான் லிப்ஸ்டிக் பூசியிருந்தாள். ஒரு கணம் தயங்கினாள். அந்த ஒரு கணத்தில் சும்புல் துள்ளிக் குதித்து, மாமியாரின் கையிலிருந்த ரொட்டியில் 'லபக்'கென்று ஒரு வாய் கடித்துவிட்டாள். முன்பல் ஒன்று விழுந்திருந்த சமயம். ரொட்டியின் ஓரத்தில் பல் வரிசை பதிந்து, நடுவில் ஒரு இடைவெளி மட்டும் கடிபடாமல் நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

"அடி சண்டாளி! நீயா ஊருக்குப் போறே?" மாமியாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "நிகோரா, நீ இந்தப் பக்கம் கடி. சீக்கிரம்."

"அவ கடிச்சா என்ன, நான் கடிச்சா என்ன அத்தை? ஒரே ரத்தம்தானே," என்று சிரித்துவிட்டு நிகோரா டாக்சியில் ஏறிவிட்டாள். உதட்டுச் சாயம் கலையவில்லை. கார்க் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

கறுக்.

நிகோரா கண்ணைத் திறந்தாள். யாரோ எதையோ மெல்லுகிறார்கள். காய்ந்து இறுகியதை ஒரு பக்கத்துப் பல்லால் கடித்து, எச்சிலில் ஊறவைத்து, மெதுவாக, பொறுமையாக. முன்பல் இல்லாத குழந்தைகள் அப்படித்தான் மெல்லும்.

"அண்ணே, உங்களுக்குக் கேக்குதா?"

துரோப் விழித்துத்தான் இருந்தார். "என்னது?"

"யாரோ மெல்றாங்க."

காதைக் கூர்மையாக்கிப் பார்த்தார். "பின்னால ஏதாவது பசிச்ச புள்ளையா இருக்கும் தங்கச்சி. விடு."

அவள் தலையாட்டினாள். குழந்தைதான். இப்போது அவள் இருக்கையின் முதுகில் சின்னக் கால்கள் உதைக்கக்கூட ஆரம்பித்துவிட்டன. சும்புலும் காரில் இப்படித்தான் உதைப்பாள். எத்தனை தரம் அதட்டினாலும் இரண்டு உதை, ஒரு நிறுத்தம், இரண்டு உதை. அதட்டலாமென்று திரும்பினாள்.

கடைசி வரிசை. பின்னால் சுவர்தான் இருந்தது.

திரும்பி நேராக உட்கார்ந்தாள். காலடியில், முன்னிருக்கைக்குக் கீழே தள்ளி வைத்திருந்த பைக்குள் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது. பையை யாரும் தொடவில்லை.

நமன்கானில் இறங்கியபோது ஈர மண்ணின் வாசனை வந்தது. மலையில் பனி உருகிக் கால்வாய்களெல்லாம் நிறைந்து ஓடும் பருவம். வெளியேறும் கதவுக்கு அப்பால், வரவேற்க வந்த கூட்டத்தில், பருத்திக் கோட்டின் மேல் இடுப்பில் துணி கட்டி, தொப்பி போட்ட நான்கைந்து ஆண்கள் தனியாக நின்றார்கள். இடுப்பில் துணி கட்டி நின்றால் சாவு வீடு. துரோப் அவர்களைப் பார்த்தார். பெட்டியைக் கீழே வைத்தார். மடித்து வைத்திருந்த தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, "ஐயோ என் அப்பா!" என்று ஒரு குரல் எழுப்பிக்கொண்டு ஓடினார். பேசாத மச்சான் முன்னால் வந்து தாங்கிக்கொண்டான்.

நிகோரா தனக்காக நிற்கும் கூட்டத்தைத் தேடினாள். கூட்டம் இல்லை. இல்ஹோம் மட்டும் ஒரு தூண் அருகில் நின்றான். தலையில் தொப்பி இல்லை, இடுப்பில் துணி இல்லை.

"உங்க அண்ணன் உயிரோட இருக்காரா?"

"என்ன அண்ணி கேள்வி இது?"

"இருக்காரா இல்லையா?"

"இருக்கார். சத்தியமா இருக்கார். வீட்ல இருக்கார்."

நிகோராவுக்கு விமான நிலையத்தின் நடுவிலேயே வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது. "பாவி மனுஷன், போனை எடுக்குறதுக்கென்ன! நான் அவரை மேலே வச்சே அடக்கம் பண்ணிட்டு வந்தேன்டா." இல்ஹோம் இதற்கு ஏதாவது கிண்டலாகச் சொல்வான் என்று பார்த்தாள். 'அண்ணி வந்தாச்சு, இனி வீட்டுல பழ வாடைதான்' என்பது அவனுடைய வழக்கமான வரவேற்பு. அவன் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

காரில் பையைப் பின்னிருக்கையில் வைத்தான். நிகோரா முன்னால் உட்கார்ந்தாள். பருத்தி வயல்களுக்கு நடுவே சாலை நீண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த மல்பெரி மரங்கள் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக வந்து வந்து போயின. சந்தோஷத்தில் அவள் பேசிக்கொண்டே வந்தாள். கடைக்காரர்கள் சம்மதித்ததைச் சொன்னாள். கியர் மாற்றக் குனிந்தபோது இல்ஹோமின் சட்டைப் பையிலிருந்து கறுப்புத் தொப்பியின் விளிம்பு வெளியே தெரிந்தது. இருக்கைக்கு அடியில் அவசரமாகச் செருகிய இடுப்புத் துணியின் நுனி அவள் செருப்பில் பட்டது.

பேச்சு நின்றது.

"அத்தை நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க அண்ணி."

"உன் பொண்டாட்டி?"

"இருக்கா."

"உன் பையன்?"

"ம்."

"பக்கத்து வீட்டுத் தாத்தா?"

"அவருக்கென்ன, கல்லு மாதிரி இருக்கார்."

"பசு?"

"இருக்கு அண்ணி." அவன் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டில் இன்னும் ஒரு பேர்தான் மிச்சம். அதை நிகோரா கேட்கவில்லை. கேட்டால் அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும். கேட்காத வரைக்கும் அவள் தூங்குகிறாள். தூங்கிட்டாம்மா. தூங்கிட்டா. துரோப் சொன்னது சரிதான், வாசல் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். நிகோரா இரண்டு கைகளையும் வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

பின்னிருக்கையில் மெல்லும் சத்தம் கேட்டது.

முதுகில் இரண்டு உதை. ஒரு நிறுத்தம். இரண்டு உதை.

"இல்ஹோம், பின்னால பாரு."

"பை தான் அண்ணி இருக்கு."

முன்கண்ணாடியின் உட்புறம் சிவப்பாக ஒரு தரம் மின்னியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள். அதுதான் பயமாக இருந்தது.

தெரு முனையிலிருந்தே விளக்குகள் தெரிந்தன. கதவு அகலத் திறந்திருந்தது. சுவரோரம் பெஞ்சுகள். இடுப்பில் துணி கட்டிய ஆண்கள் எழுந்து நின்றார்கள். ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரவ்ஷன் நிலைப்படியில் சாய்ந்து நின்றான், உயிரோடு. அவன் மீசையின் ஒரு பக்கம் கலைந்திருந்தது. அவளைப் பார்த்ததும் சுவரை நோக்கித் திரும்பிக்கொண்டான்.

துக்கத்துக்கான நீலத் துணி உடுத்திய பெண்கள் முற்றத்தில் விலகி வழிவிட்டார்கள். மாமியார் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல்முறை. அவள் உடம்பில் வெங்காய வாசனை.

"காலைல உன் பழைய கைப்பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்தா கண்ணு. 'நான் ஊருக்குப் போறேன், போய் அம்மாவைக் கூட்டிட்டு வரேன்'னா. விளையாட்டுன்னு நினைச்சுட்டேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தேன். போயிட்டு வா ராசாத்தினு சொன்னேனே… நானே என் வாயால சொன்னேனே… மத்தியானம் பெரிய கால்வாய் மதகுல கண்டெடுத்தாங்க."

"எங்க அவ?"

"சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் கொண்டு போயிட்டாங்க. குழந்தையைக் காக்க வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. உன் கண்ணுல காட்டாம அனுப்பிட்டேன்."

போனில் 'தூங்கிட்டா' என்றபோது சும்புல் மண்ணுக்குள் இருந்தாள்.

நிகோரா கத்தவில்லை. பெண்கள் அவளுக்காகக் கத்தினார்கள். அவள் மாமியாரின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"திட்டுங்க அத்தை. லிப்ஸ்டிக் பூசிக்கிட்டுக் கடிக்காமப் போனேன்ல? திட்டுங்க. எப்பவும் திட்டுவீங்களே, இப்போ திட்டுங்க!"

"இல்ல கண்ணு. இல்ல."

திட்டியிருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டிருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. மாமியார் அவள் தலையைத் தடவித் தடவி, சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "விடிஞ்சதும் அந்த ரொட்டியை நொறுக்கிப் பறவைகளுக்குப் போட்டுரணும். திரும்ப வராதவங்க ரொட்டியை வீட்டுல வைக்கக் கூடாது. அவளும் நிம்மதியாப் போகணும்ல. வச்சிருந்தா இழுக்கும்."

பிறகு அழுது ஓய்ந்த பெண்கள் பெரிய அறையில் மெத்தைகளில் வரிசையாகச் சாய்ந்தார்கள். வெளியே ஆண்களின் தாழ்ந்த பேச்சும் அடங்கியது. தெருக்கோடியில் கால்வாய் ஓடும் சத்தம் மட்டும். அந்தச் சத்தத்தை இத்தனை வருஷமும் நிகோரா தாலாட்டு மாதிரிக் கேட்டிருக்கிறாள். இப்போது அது வாய் மூடாமல் எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தது. யாரோ போர்த்திவிட்ட போர்வையை விலக்கிவிட்டு எழுந்தாள். நடைவழியில் அவள் பை கிடந்தது. ஜிப் திறந்திருந்தது. பழப் பொட்டலங்கள் இருந்தன.

ஷூ இல்லை.

யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். சாவு வீட்டில் நாலு பேர் கை படும்.

சமையலறையில் விளக்குப் போடவில்லை. ஆணி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். துணி முடிச்சைக் கழற்றினாள். துணி ஈரமாக இருந்தது. சேற்று வாசனை வந்தது. அவிழ்த்து, தரையில் உட்கார்ந்து, ரொட்டியின் ஓரத்தை விரலால் தடவினாள். அதோ அந்தக் கடி. பல், பல், நடுவில் இடைவெளி. மகளின் வாயையே தொட்டது போலிருந்தது. அவள் அழுதாள், அந்த இரவில் முதல்முறையாகத் தன் மகளுக்காக.

விரல் மேலே நகர்ந்தது.

பக்கத்தில் இன்னொரு கடி. நடுவில் இடைவெளி.

அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

ரொட்டி பாதிகூட இல்லை. உள்ளங்கை அளவுதான் மிச்சம். கடித்த ஓரங்கள் காயவில்லை.

நடைவழியில் சிவப்பு விளக்கு எரிந்தது. அணைந்தது.

ஓர் அடி. எரிந்தது. சின்னக் கணுக்கால். அதில் ஒட்டிய பாசி. அணைந்தது.

ஓர் அடி. தண்ணீர் சொட்டும் சத்தம்.

கத்தலாம். அடுத்த அறையில் இருபது பெண்கள். மாமியார் ஓடி வருவாள், ஓதுவாள், ரொட்டியைப் பிடுங்கி நொறுக்குவாள். விடிந்ததும் பறவைகள் வரும். அப்புறம் சும்புல் போய்விடுவாள். இருட்டில், தண்ணீரில், தனியாக.

நிகோரா கத்தவில்லை. ரொட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். ஆறு வயதுக் குழந்தையின் வாய் உயரத்துக்கு.

"வா," என்றாள். "பசிக்குதா?"

விளக்கு அவளுக்கு ஒரு முழம் முன்னால் எரிந்து அணைந்தது. பனி உருகிய தண்ணீரின் குளிர் முகத்தில் பட்டது. ஈர விரல்கள் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டன. சின்ன விரல்கள்தான். பிடி சின்னதாக இல்லை.

கறுக்.

மெல்லும் சத்தம். ஒரு பக்கத்துப் பல்லால். பொறுமையாக.

கறுக்.

நிகோரா இன்னொரு கையால் இருட்டைத் தடவினாள். நனைந்த தலைமுடி. பின்னல் அவிழ்ந்திருந்தது. அதை விரலால் கோதினாள், மணலும் இலையும் சிக்கின, எடுத்துவிட்டாள். ரொட்டி தீர்ந்தது. துணுக்குகளைக்கூட அந்த வாய் உள்ளங்கையிலிருந்து பொறுக்கியது. குளிர்ந்த நாக்கு.

தீர்ந்த பிறகும் மணிக்கட்டுப் பிடி விடவில்லை.

உள்ளங்கையின் ஓரத்தில், கட்டைவிரலுக்குக் கீழே, சதையில், பற்கள் வந்து பதிந்தன. பல், பல், நடுவில் அந்த இடைவெளி. மெதுவாக அழுந்தின.

"மெல்லத் தின்னு கண்ணு," என்றாள் நிகோரா. "அம்மா இங்கேதான் இருக்கேன்."

அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.